நின்றுபோன ரீடு பேசியது! டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லின் கதை

பாட்டரியில் அடிக்கும் பழைய மாதிரி வாசல் மணியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் கிர்ர்ர் என்று அடிக்கும். திடீரென்று ஒரு நாள் அடிக்காது. மூடியைக் கழற்றிப் பார்ப்போம். உள்ளே ஒரு சிறிய இரும்புத் தகடு அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை விரலால் சுண்டி விட்டால், சில சமயம் மணி மறுபடியும் அடிக்கத் தொடங்கும்.

இப்படி ஒரு மனிதர் ஒரு தகட்டைச் சுண்டியதில்தான் டெலிபோன் பிறந்தது!

சுண்டியவர் பெயர் வாட்சன். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். கேட்ட மாத்திரத்தில் அதன் பொருளைக் கண்டுகொண்டார் பெல். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், தகடு சரியாகிவிட்டது என்று நினைத்து மேலே வேலையைப் பார்த்திருப்பார்கள்.

பெல்லுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது? அதைத் தெரிந்துகொள்ள அவர் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

காது கேளாத தாய்

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரம். அங்கே 1847-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி பெல் பிறந்தார். பாட்டனார் பேச்சுக் கலை கற்பித்தவர். தந்தை மெல்வில் பெல்லுக்கும் அதே தொழில். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பதை எல்லாம் கோடுகளால் எழுதிக் காட்டும் புதிய எழுத்து முறை ஒன்றை அவர் உண்டாக்கினார். அதைப் பார்த்து எந்த மொழியின் ஒலியையும் சொல்லிவிடலாம். 1867-ல் அது புத்தகமாக வந்தது.

தாய் எலைசா. பியானோ நன்றாக வாசிப்பார். ஆனால் அவருக்குக் காது வர வர மந்தமாகிவிட்டது. மற்றவர்கள் அவருடன் பேச வேண்டுமானால் ஊதுகுழல் போன்ற ஒரு கருவியில் வாயை வைத்துக் கத்த வேண்டும். மகன் பெல் அப்படிச் செய்வதில்லை. தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுவார். அந்த அதிர்வு எலும்பு வழியே சென்றது. தாய்க்கு மகனின் பேச்சு புரிந்தது.

ஒலி என்பது அதிர்வுதான் என்ற பாடத்தைப் பெல் தாயின் நெற்றியில் கற்றார் என்று சொன்னால் தவறில்லை.

நாய் பேசியது

சிறுவன் பெல்லுக்குப் பள்ளிப் படிப்பில் அவ்வளவு அக்கறை கிடையாது. எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான். நண்பன் ஒருவனின் தந்தைக்கு மாவு மில் இருந்தது. கோதுமையின் உமியை நீக்குவது அங்கே பெரிய தொல்லை. பன்னிரண்டு வயதில் பெல் ஒரு சிறு இயந்திரம் செய்து கொடுத்தான். சுழலும் துடுப்புகளுடன் நகம் தேய்க்கும் பிரஷ்ஷை இணைத்துச் செய்த இயந்திரம் அது. மில்காரர் அதைப் பல காலம் உபயோகித்தார்.

பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேசும் பொம்மைத் தலை ஒன்று செய்தார்கள். துருத்தியால் காற்றை ஊதி, உதடுகளை அசைத்தால் அது அம்மா என்று கூப்பிடும்.

அதோடு விட்டார்களா? வீட்டு நாயைப் பிடித்து உட்கார வைத்தான் பெல். அதை உறுமச் செய்து, அதன் தாடையைக் கையால் பிடித்து அசைத்தான். பாட்டியிடம் நலம் விசாரிப்பது போல ஏதோ சத்தம் வந்தது. அக்கம்பக்கத்தார் கூடி வேடிக்கை பார்த்தார்கள். நாய் பேசுகிறது என்ற செய்தி பரவிவிட்டது!

தப்பாகப் படித்த புத்தகம்

பெல் வாலிபரானார். தந்தையைப் போலவே பேச்சுக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஒலியைப் பற்றிச் சொந்தமாக ஆராய்ந்தார். அப்போது ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய புத்தகம் பற்றி ஒரு பெரியவர் அவருக்குச் சொன்னார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசைக்கவைகளை மின்காந்தத்தால் இடைவிடாமல் அதிரச் செய்திருந்தார். பல கவைகளின் ஒலியைச் சேர்த்து அ, இ, உ போன்ற உயிர் ஒலிகளை உண்டாக்கினார். பெல்லுக்கு ஜெர்மன் மொழி சரியாகத் தெரியாது. படங்களைப் பார்த்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த ஒலிகளைக் கம்பி வழியே தூரத்துக்கு அனுப்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். உயிர் ஒலியை அனுப்ப முடியும் என்றால் மெய் ஒலியையும் அனுப்பலாம், முழுப் பேச்சையும் அனுப்பலாம் என்று முடிவு கட்டினார்.

உண்மையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எதையும் தூரத்துக்கு அனுப்பவில்லை. பெல் புரிந்துகொண்டது தப்பு. ஜெர்மன் நன்றாகப் படித்திருந்தால் முயற்சியையே தொடங்கியிருக்க மாட்டார் என்று பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொள்வாராம்!

இரண்டு சாவுகள்

குடும்பத்தில் இடி விழுந்தது. தம்பி எட்வர்டு 1867-ல் காசநோயால் இறந்தான். 1870-ல் அண்ணன் மெல்வில்லும் அதே நோயால் போய்விட்டார். மூன்று பிள்ளைகளில் மிஞ்சியது பெல் ஒருவர். அவருக்கும் உடம்பு சரியில்லை. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் ஊரையே விட்டார்கள். 1870-ல் கப்பல் ஏறிக் கனடா சென்றார்கள். பிரான்ட்போர்டு என்ற ஊருக்கு அருகே குடியேறினார்கள். நல்ல காற்றில் பெல்லின் உடல் தேறியது.

1871-ல் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் பெல்லுக்கு வேலை கிடைத்தது. தந்தையின் எழுத்து முறையைக் கொண்டு அந்தக் குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவன் ஜார்ஜி சாண்டர்ஸ் என்ற சிறுவன். மற்றவள் மேபெல் ஹப்பர்டு. ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் வந்து காது போனவள். பெல்லைவிடப் பத்து வயது இளையவள். பிறருடைய உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பெல்லின் மனம் அவளை நாடியது.

ஒரே கம்பியில் பல தந்தி

அது தந்தியின் காலம். ஒரு கம்பியில் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு செய்திகளுக்கு மேல் போகாது. பல செய்திகளை ஒரே கம்பியில் அனுப்ப வழி கண்டுபிடிப்பவருக்குப் பணம் கொட்டும். பலர் இதில் இறங்கினார்கள். சிகாகோ பகுதியைச் சேர்ந்த எலிஷா கிரே என்ற மின்சார நிபுணர் அவர்களில் ஒருவர்.

பெல்லும் இறங்கினார். ஜார்ஜியின் தந்தையும், மேபெலின் தந்தையான வக்கீல் ஹப்பர்டும் பணம் கொடுத்தார்கள். பகலில் பாடம் சொல்லிக்கொடுப்பார் பெல். இரவில் கண் விழித்துச் சோதனை செய்வார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஆர்மோனியப் பெட்டிக்குள் ரீடு இருக்கிறது. ஒவ்வொரு ரீடும் ஒவ்வொரு சுரம். அதைப் போல எஃகுத் தகட்டில் ரீடுகள் செய்து மின்சாரத்தால் அதிரச் செய்ய வேண்டும். இந்தக் கோடியில் மூன்று ரீடுகள் மூன்று சுரத்தில் அதிரும். அந்தக் கோடியிலும் அதே சுரங்களில் மூன்று ரீடுகள் இருக்கும். ஒரே கம்பியில் மூன்று அதிர்வும் கலந்து போனாலும், அவை தங்கள் தங்கள் ஜோடியை மட்டுமே அசைக்கும். மூன்று தந்தி ஒரே சமயத்தில் போய்விடும்!

ரீடு அதிர்வது எப்படி?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஒரு மின்காந்தம். அதற்கு மேலே எஃகு ரீடு. ரீடின் ஒரு முனை இறுகப் பொருத்தியிருக்கும். மறுமுனை அசையும். ரீடின் முதுகை ஒரு திருகாணியின் நுனி தொட்டுக்கொண்டிருக்கும். பாட்டரியின் மின்சாரம் இந்தத் திருகாணி வழியாகத்தான் காந்தத்துக்குப் போகும்.

மின்சாரம் ஓடியதும் காந்தம் ரீடை இழுக்கும். இழுத்ததும் ரீடு திருகாணியை விட்டு விலகும். விலகியதும் மின்சாரம் அறுந்துவிடும். காந்தத்தின் பலம் போய்விடும். ரீடு பழைய இடத்துக்குத் துள்ளும். துள்ளியதும் திருகாணியைத் தொடும். மறுபடி மின்சாரம், மறுபடி இழுப்பு. ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும். கிர்ர்ர் என்று ஒலி வரும். வாசல் மணியும் இப்படித்தான் அடிக்கிறது. மோட்டார் காரில் பழைய வால்வு ரேடியோவுக்கு வைத்திருந்த வைபிரேட்டர் என்ற பெட்டியும் இதே குடும்பம்தான்.

இது ஏன் நின்றுபோகும்? காரணங்கள் சில உண்டு. பாட்டரி தீர்ந்திருக்கலாம். தொடும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிறு பொறி பறக்கிறது. அதனால் அந்த முனை கரிந்து மின்சாரம் பாயாமல் போகலாம். அப்போது மெல்லிய அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்துச் சுத்தம் செய்தால் சரியாகும். திருகாணி விலகியிருந்தால் ரீடைத் தொடாது. அளவுக்கு மேல் முடுக்கியிருந்தால் ரீடு விலகவே விலகாது. மின்சாரம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதிர்வு இருக்காது. பொறியின் சூட்டில் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மேலே சொன்ன கோளாறுகளில் ஒன்றுதான் பெல்லின் ரீடுக்கு வந்தது.

வாட்சன் வருகிறார்

பாஸ்டன் நகரில் கோர்ட் தெரு 109-ம் எண்ணில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவரின் மின்சாரப் பட்டறை இருந்தது. தந்திக் கருவிகள் செய்யும் இடம். அங்கே தாமஸ் வாட்சன் என்ற வாலிபர் வேலை செய்தார். பெல் அவரை முதலில் சந்தித்த 1874-ல் அவருக்கு வயது இருபது. படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கைவேலையில் கெட்டிக்காரர். பெல்லுக்கோ ஒலியைப் பற்றித் தெரியாதது இல்லை. கையில் கருவியைப் பிடித்து வேலை செய்யத்தான் வராது. மின்சாரமும் அரைகுறைதான். இருவரும் சேர்ந்ததும் வண்டிக்கு இரண்டு சக்கரமும் பூட்டியது போல ஆயிற்று.

டெலிபோன் கதையைச் சொல்பவர்கள் வாட்சனை ஒரு வேலையாள் போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை. பெல் வரைந்ததை எல்லாம் பொருளாக்கியவை அவருடைய கைகள்.

1875-ம் ஆண்டு மார்ச் மாதம் பெல் வாஷிங்டன் சென்றார். அங்கே வயது முதிர்ந்த விஞ்ஞானி ஜோசப் ஹென்றியைப் பார்த்தார். பேச்சைக் கம்பியில் அனுப்பும் தன் கனவைச் சொன்னார். தனக்கு மின்சார அறிவு போதாது என்றும் மனம் விட்டுச் சொன்னார். அந்த அறிவைத் தேடிப் பெற்றுக்கொள்ளும்படி ஹென்றி சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். சோர்ந்து போயிருந்த பெல் அந்தச் சொல்லில் நிமிர்ந்தார்.

ஆனால் பணம் கொடுக்கும் ஹப்பர்டுக்குப் பேச்சுக் கனவு பிடிக்கவில்லை. தந்தி வேலையை முதலில் முடி என்று அவசரப்படுத்தினார். எலிஷா கிரே முந்திவிடுவார் என்ற பயம் வேறு. தந்திக் கருவியோ சரிவர வேலை செய்யாமல் பெல்லைப் படுத்திக்கொண்டிருந்தது.

ஜூன் 2-ந் தேதி

1875-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி. கடுமையான புழுக்கம். பட்டறையின் உச்சி மாடி அறைகளில் இருவரும் வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் அனுப்பும் ரீடுகளுடன் வாட்சன். மற்றோர் அறையில் வாங்கும் ரீடுகளுடன் பெல். நடுவில் கம்பி.

ரீடுகள் சுதி சேரவில்லை. பெல் ஒவ்வொரு ரீடையும் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டு, சுருதியைச் சரிசெய்து கொண்டிருந்தார். இது அவருடைய வழக்கம்.

அப்போது வாட்சனின் ரீடுகளில் ஒன்று நின்றுவிட்டது. திருகாணியை அளவுக்கு மேல் முடுக்கியிருந்ததால் ரீடு ஒட்டிக்கொண்டது. வாட்சன் விரலால் சுண்டினார். அசையவில்லை. மறுபடி சுண்டினார். விடவில்லை. இன்னும் இரண்டு தடவை சுண்டினார்.

அடுத்த அறையிலிருந்து பெல் ஓடி வந்தார்! வாட்சன் இப்போது என்ன செய்தார் என்று பரபரப்போடு கேட்டார். எதையும் தொடாதே, எதையும் மாற்றாதே என்றார். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று வாட்சன் திகைத்தார். ரீடு நின்றுபோனதையும், தாம் சுண்டிவிட்டதையும் சொன்னார்.

பெல் கேட்டது என்ன?

வழக்கமாக வரும் கிர்ர்ர் ஒலி அன்று வரவில்லை. வீணைத் தந்தியை மீட்டினால் டொய்ங் என்று எழுந்து மெல்ல அடங்குமே, அப்படிப்பட்ட ஒலி வந்தது. ரீடைச் சுண்டினால் எழும் நாதம் அதன் எல்லாக் கிளை நாதங்களோடும் கம்பி வழியே வந்து சேர்ந்தது.

அறுந்து அறுந்து ஓடும் மின்சாரத்தில் இது நடக்காது. அன்று திருகாணி இறுகிப் போனதால் மின்சாரம் அறுபடவே இல்லை. காந்தமும் விடாமல் காந்தமாகவே இருந்தது. அதன் முன்னால் எஃகு ரீடு ஆடியபோது, அந்த ஆட்டத்துக்கு ஏற்பக் கம்பியில் மின்சாரம் ஏறி ஏறி இறங்கியது. கடல் அலை போல! ரீடு எப்படி ஆடியதோ, அப்படியே மின்சாரமும் ஆடியது. மறுகோடியில் பெல் காதோடு அழுத்தியிருந்த ரீடும் அப்படியே ஆடியது.

இப்படி அலையலையாக ஓடும் மின்சாரம் பேச்சைச் சுமந்து செல்லும் என்று பெல் ஏற்கனவே எண்ணியிருந்தார். ஆனால் ஒரு சிறு ரீடு உண்டாக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பமாக இருக்கும், அது காதுக்கு எட்டாது என்று நினைத்து ஒதுக்கியிருந்தார். அன்று அது எட்டிவிட்டது. கோளாறான ரீடு அவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது.

அன்று முழுவதும் வாட்சன் ரீடு ரீடாகச் சுண்டினார். பெல் கேட்டார். மாற்றிச் சுண்டினார்கள், மாற்றிக் கேட்டார்கள். தந்தி வேலை மறந்தே போயிற்று. இரவு பிரியும்போது, புதிய கருவி ஒன்றை எப்படிச் செய்வது என்று பெல் சொல்லிக்கொடுத்தார். மத்தளத்துக்குத் தோல் கட்டுவது போல ஒரு சவ்வை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ரீடின் நுனியை இணைக்க வேண்டும். குரல் சவ்வை அசைக்கும். சவ்வு ரீடை அசைக்கும்.

வாட்சன் செய்து முடித்தார். சோதித்தபோது பெல்லின் குரல் வாட்சனுக்குக் கேட்டது. ஆனால் சொற்கள் தெளியவில்லை. இன்னும் ஒன்பது மாதம் பாடுபட வேண்டியிருந்தது.

ஒரே நாளில் இரண்டு மனு

இதற்கிடையே 1875-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, மேபெலின் 18-வது பிறந்த நாளில் இருவருக்கும் திருமணம் நிச்சயமாயிற்று.

1876-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி வாஷிங்டன் பேடன்ட் அலுவலகத்தில் பெல்லின் மனு கொடுக்கப்பட்டது. அதே நாளில் எலிஷா கிரேயின் சார்பிலும் ஒரு முன்னறிவிப்பு மனு வந்து சேர்ந்தது. இரண்டுமே பேச்சை மின்சாரத்தால் அனுப்புவது பற்றியவை! எது முந்தியது, யாரைப் பார்த்து யார் எழுதினார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. மார்ச் 7-ந் தேதி பெல்லுக்கு உரிமை கிடைத்தது. அதன் எண் 1,74,465.

மூன்றே நாள் சென்றது. மார்ச் 10-ந் தேதி, எக்ஸிடர் பிளேஸ் என்ற தெருவில் பெல் குடியிருந்த இடம். அமிலம் கலந்த தண்ணீரில் ஒரு கம்பி நுனி தோய்ந்திருக்கும் புதுக் கருவியின் முன்னால் பெல் பேசினார். வேறு அறையில் கருவியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார் வாட்சன். தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பார்க்க வேண்டும், வா என்று பெல் சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது. ஓடோடி வந்தார். பெல்லின் உடையில் அமிலம் கொட்டியதால்தான் கூப்பிட்டார் என்று வாட்சன் முதுமையில் சொன்னார். பெல் அன்று எழுதிய குறிப்பில் அமிலம் கொட்டிய பேச்சே இல்லை.

சக்கரவர்த்தி திடுக்கிட்டார்

அந்த ஆண்டு பிலடெல்பியாவில் பெரிய பொருட்காட்சி. அமெரிக்கா சுதந்தரம் பெற்ற நூறாவது ஆண்டு விழா. பெல்லின் கருவி ஒரு மூலையில் இருந்தது. ஜூன் 25-ந் தேதி நடுவர்கள் வெயிலில் களைத்து, போதும் என்று திரும்ப இருந்தார்கள்.

அவர்களோடு பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோவும் வந்திருந்தார். அவருக்குப் பெல்லை முன்பே தெரியும். காது கேளாதோருக்கு அவர் பாடம் சொல்வதைப் பாஸ்டனில் பார்த்திருந்தார். பெல்லை அடையாளம் கண்டு நலம் விசாரித்தார். சக்கரவர்த்தி நின்றால் நடுவர்கள் போக முடியுமா? எல்லோரும் நின்றார்கள். தூரத்திலிருந்து பெல் பேசினார். கருவியைக் காதில் வைத்த சக்கரவர்த்தி திடுக்கிட்டு எழுந்தார். பெரிய விஞ்ஞானி வில்லியம் தாம்சனும் கேட்டு வியந்தார். பெல்லின் புகழ் உலகெங்கும் பரவியது.

1877-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி கம்பெனி ஏற்பட்டது. 11-ந் தேதி திருமணம். தம் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மனைவிக்கே திருமணப் பரிசாக எழுதி வைத்துவிட்டார் பெல். டெலிபோனால் வந்த செல்வத்தின் உரிமைக்காரி, டெலிபோனில் ஒரு சொல்லைக்கூடக் கேட்க முடியாத பெண்! வாட்சனுக்கும் உரிமையில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது.

மறுபடியும் ரீடு

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. மறுகோடியில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? முதலில் கருவியைப் பென்சிலால் தட்டினார்கள். வாட்சன் தட்டுவதற்கென்று ஒரு சிறு சுத்தியை வைத்தார். பிறகு கிர்ர்ர் என்று இரையும் கருவி வைத்தார். அந்தச் சத்தம் யாருக்கும் பிடிக்கவில்லை. 1878-ல் நல்ல மணி ஒன்று செய்தார். அந்த வகை மணிதான் பல பத்தாண்டுகள் உலகெங்கும் டெலிபோன்களில் அடித்தது.

1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களுக்கும் டெலிபோன் வந்துவிட்டது.

வழக்குகளும் வந்தன. சுமார் அறுநூறு வழக்குகள்! 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய அந்தோனியோ மெயூச்சி என்ற ஏழைக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு என்று பலர் சொல்கிறார்கள். அவருடைய உழைப்பைப் பாராட்டி 2002-ல் அமெரிக்க மக்கள் சபை தீர்மானம் போட்டது.

ஜனாதிபதியின் உடலில் குண்டு

1881-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். முதுகில் பாய்ந்த குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே அப்போது கிடையாது. டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுத் தேடினார்கள். புண் சீழ் பிடித்தது.

பெல் பதறினார். இரவு பகலாக உழைத்து ஒரு கருவி செய்தார். கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை விட்டுவிட்டு ஓடச் செய்வார். உலோகம் அருகே வந்தால் டெலிபோனில் சத்தம் கேட்கும். போரில் குண்டு பாய்ந்து உடலிலேயே தங்கிவிட்ட பழைய சிப்பாய்களிடம் சோதித்தபோது அது வேலை செய்தது.

ஜூலை 26-ந் தேதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் உடல்மேல் கருவியை நகர்த்தினார்கள். ஒரே கரகரப்பு. ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தார் பெல். கருவியின் ஓர் உறுப்பில் கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தது! சரிசெய்துகொண்டு ஆகஸ்டு 1-ந் தேதி மறுபடி போனார். இந்தத் தடவை ஓர் இடத்தில் மட்டும் கேட்க வேண்டிய சத்தம் பரவலாகக் கேட்டது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குக் கீழே இரும்புக் கம்பி மெத்தை ஒன்று இருந்தது மறுநாள்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. தலைமை டாக்டர் வலது பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கத்தில்.

செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார். பெல்லின் கருவியைக் குறை சொன்னார்கள். கருவியில் குற்றமில்லை, தேட விட்ட இடம்தான் தப்பு.

அந்த ஆகஸ்டு மாதத்திலேயே பெல்லுக்குப் பிறந்த ஆண் குழந்தை, மூச்சு விட முடியாமல் சில மணி நேரத்தில் இறந்தது. துக்கத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. மார்பைச் சுற்றி மாட்டிக் காற்றழுத்தத்தால் மூச்சு விடச் செய்யும் உலோகச் சட்டை ஒன்றைச் செய்து பார்த்தார். 1883-ல் பிறந்த மகனும் தங்கவில்லை. எல்சி, மேரியன் என்ற இரு பெண்கள்தான் மிஞ்சினார்கள்.

ஹெலன் கெல்லர்

1886-ல் கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமியைத் தந்தை ஒருவர் பெல்லிடம் அழைத்து வந்தார். பெல் அவளை மடியில் வைத்துக் கொஞ்சினார். பாஸ்டனில் உள்ள குருடர் பள்ளிக்கு எழுதும்படி வழி சொன்னார். அங்கிருந்து ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்தார். அந்தச் சிறுமிதான் ஹெலன் கெல்லர். தமது வாழ்க்கை வரலாற்றைப் பெல்லுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

ஆனால் பெல்லின் எல்லாக் கொள்கைகளையும் புகழ முடியாது. காது கேளாதோர் கைச் சைகையில் பேசக் கூடாது, வாயால்தான் பேசப் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்வது கெடுதல் என்றும் 1883-ல் எழுதினார். பல பள்ளிகளில் சைகை மொழி ஒடுக்கப்பட்டது. காது கேளாதோர் பலர் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பட்டமும் படகும்

டெலிபோனோடு பெல் நின்றுவிடவில்லை. 1880-லேயே ஒளிக்கதிரில் பேச்சை அனுப்பிக் காட்டினார். கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பாடெக் என்ற ஊருக்கு அருகே பெரிய வீடு கட்டினார். அங்கே ராட்சசப் பட்டங்களைப் பறக்கவிட்டார். மேபெலின் பணத்தில் 1907-ல் விமானக் குழு ஒன்று அமைந்தது. அவர்கள் செய்த விமானம் 1909-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி பாடெக் ஏரியின் உறைபனிமேல் ஓடி எழுந்தது. கனடாவில் பறந்த முதல் விமானம் அதுதான். 1919-ல் அவருடைய படகு தண்ணீருக்கு மேலே எழும்பி மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓடியது. அப்போது அவருக்கு வயது 72!

இத்தனைக்கும், தாம் வேலை செய்யும் அறையில் டெலிபோன் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. வேலையைக் கெடுக்கிறதாம்!

1915-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் டெலிபோன் போட்டு விழா நடத்தினார்கள். நியூயார்க்கில் பெல். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சான்பிரான்சிஸ்கோவில் வாட்சன். இதற்குள் வாட்சன் கப்பல் கட்டும் தொழிலதிபராக இருந்து, நாடக நடிகராகவும் ஆகிப் பார்த்துவிட்டார். முதல் டெலிபோனின் மாதிரி ஒன்றை வைத்துப் பெல் அவரைப் பழையபடி வரச் சொன்னார். இந்தத் தடவை வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்று வாட்சன் பதில் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

1922-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பாடெக் வீட்டில் பெல் காலமானார். மேபெல் அவர் கையைப் பிடித்தபடி அருகில் இருந்தார். 4-ந் தேதி மாலை மலையுச்சியில் அடக்கம் நடந்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்லா டெலிபோன்களும் ஒரு நிமிஷம் நிறுத்தப்பட்டன.

ஐந்து மாதம் கழித்து மேபெலும் காலமானார். அடுத்த ஆண்டு அதே ஆகஸ்டு மாதத்தில் அவருடைய சாம்பலைக் கணவரின் பக்கத்தில் புதைத்தார்கள். வாட்சன் 1934 வரை வாழ்ந்தார்.